எந்த பேண்டைப் பார்க்க வந்தீர்கள்?

ஷிபுயாவில் இனோகாஷிரா பாதையின் எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறினால் ஷிமோகிதசாவா அடுத்த நிறுத்தம். பழைய துணிக் கடைகளும் கறிக் கடைகளும் குட்டி நாடக அரங்குகளும் நெருக்கியடிக்கும் டோக்கியோப் பேட்டை. இங்கே ஒடாக்யூ ரயில் பாதை 2013 மார்ச்சில்தான் தரைக்கு அடியில் போனது. பாட்டு அதற்கு வெகு காலம் முன்பே கீழே இறங்கிவிட்டது. 1991-ல் தொடங்கிய ஷெல்டர் என்ற இசைக்கூடம்கூட ஓர் அடித்தளத்தில்தான் இருக்கிறது. பேண்டுகள், அதாவது இசைக்குழுக்கள், நேரில் வாசிக்கும் இப்படிப்பட்ட இடங்களை இங்கே 'லைவ் ஹவுஸ்' என்கிறார்கள்.

நான் போனது அதைவிடச் சின்னது. செங்குத்தான படி, இரண்டு பக்கமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய போஸ்டர்கள். கீழே மேசையில் இருந்த பையன் 2,400 யென் டிக்கெட்டும் 600 யென் பானச் சீட்டும் கொடுத்தான். இந்த இடங்களில் பல உணவக உரிமத்தில் நடப்பதால் ஒரு பானமாவது வாங்கியே ஆக வேண்டும். அப்புறம் கேட்டான்: "எந்த பேண்டைப் பார்க்க வந்தீர்கள்?"

அன்று வாசிக்கும் நான்கு பேண்டுகளின் பெயர்களில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. சும்மா இரண்டாவதைக் காட்டினேன். அந்தப் பெயருக்கு நேராகப் பென்சிலால் ஒரு கோடு போட்டான். ஜப்பானில் ஆள் எண்ண 正 என்ற எழுத்தைக் கோடு கோடாக எழுதுவார்கள். ஐந்து கோடு சேர்ந்தால் எழுத்து முடியும். இரண்டாவது பேண்டுக்கு நான்கு முழு எழுத்துகள். முதல் பேண்டுக்கு இரண்டே கோடு.

அந்த முதல் பேண்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி டிரம்ஸ், இன்னொருத்தி பேஸ் கிட்டார். வேறு ஒன்றும் கிடையாது. பாடுகிறாளா, பேசுகிறாளா என்று தெரியாத மெல்லிய குரல். பாட்டு பாதியில் நின்றுவிடும், இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், ஏ.சி. ஓடும் சத்தம் கேட்கும். பிறகு ஒரே நொடியில் இருவரும் சேர்ந்து பாட்டுக்குள் விழுவார்கள். மூன்றாவது முறை அந்த மௌனம் வந்தபோது நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் டிரம்ஸ்காரி தன் ஸ்நேர் டிரம்மைத் தானே கழற்றி, தோளில் துண்டோடு, நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போனாள்.

அடுத்து மூன்று பையன்கள் காலடியில் இருந்த பெடல்களைப் பார்த்தபடியே கிட்டாரை இரைய விட்டார்கள். கூட்டம் அவர்களுக்குத்தான். பிறகு சாக்ஸபோனோடு ஆறு பேர், ஏழு எண்ணிக்கையில் ஓடும் தாளம். மிஸ்ர சாபு கேட்டு வளர்ந்தவர் கை தானாகத் தொடைக்குப் போகும். கடைசியில் நரைத்த தலையோடு ஒருவர், ஒற்றைக் கிட்டாரில் நாட்டுப்பாடல் மாதிரி ஒன்றை அடித்தொண்டையில் கத்திப் பாடினார்.

பக்கத்தில் நின்ற ஒருவர், அரைகுறை ஆங்கிலத்தில், வாசல் கேள்விக்கு அர்த்தம் சொன்னார். அதற்குப் பின்னால் இருப்பது 'நொருமா'. ஒவ்வொரு பேண்டும் இத்தனை டிக்கெட் விற்க வேண்டும் என்று கணக்கு. 15 டிக்கெட் என்று வைத்துக்கொண்டால் 36,000 யென். ஆள் குறைந்தால் பேண்ட் தன் கையிலிருந்து போட வேண்டும். டோக்கியோவில் அடித்தளத்துக்கும் வாடகை உண்டு, சரி. ஆனாலும் சொந்தப் பாட்டை மேடையேற்றச் சொந்தக் காசைக் கட்டுவது என் மனசுக்கு ஒப்பவில்லை. அந்த இரண்டு கோடுதான் கண்ணுக்குள் நின்றது.

இன்னொன்றையும் கவனித்தேன். ஒரே மேடையைப் பகிரும் பேண்டுகளைத் 'தாய்பான்' என்கிறார்கள். அந்த இரண்டு பெண்களும் தங்கள் முறை முடிந்தும் கிளம்பவில்லை. மற்ற மூன்று பேண்டுகளுக்கும் முன்வரிசையில் நின்று கடைசிப் பாட்டு வரை கைதட்டினார்கள். பெரியவர் பாடும்போது பேஸ் வாசித்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கடைசி ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. வாசல் மேசைக்குப் போய், என் கோட்டை முதல் பெயருக்கு மாற்ற முடியுமா என்று கையைக் காட்டிக் கேட்டேன். பையனுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. ரப்பரால் ஒரு கோட்டை அழித்தான். பட்டியலில் மேலே போய், அந்த இரண்டு கோட்டுக்குப் பக்கத்தில் குட்டையாக மூன்றாவதை இழுத்தான்.