மீனின் தலை எந்தப் பக்கம்?

பங்குனி 23, 2024, சனி

விடியும் முன்பே மச்சானின் மோட்டார் சைக்கிளில் கனகராயன் ஆற்றங்கரைக்குப் போய்விட்டோம். இரணைமடுக் குளத்தை நிரப்புகிற ஆறு இப்போது ஓடவில்லை; அங்கங்கே மடுவாகத் தேங்கிக் கிடக்கிறது. மடு வற்ற வற்ற மீன் ஒதுங்கும், மீன் ஒதுங்கினால் பறவை கூடும். கமெராக்காரனுக்கு இதுதான் அறுவடைக் காலம்.

முதலில் எடுத்த கொக்குப் படங்கள் எல்லாம் பாழ். வெயில் பட்ட இறகு சுண்ணாம்பு பூசிய சுவர்போல விழுந்திருந்தது. வெளிச்சத்தை ஒரு படி குறைத்த பிறகே இறகின் இழைகள் தெரிந்தன. இத்தனை வருடம் எடுத்தும் ஒவ்வொரு பங்குனியும் இதே பிழையைத்தான் செய்கிறேன்.

எதிர்க்கரை மண்சுவரில், கோழிமுட்டை நுழையும் அளவில் ஒரு துளை. மருதங்கிளையில் சிறு நீல மீன்கொத்தி, வாயில் மீனோடு. வீட்டுக்கு வந்து படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். தானே விழுங்குவதென்றால் மீனின் தலையைத் தொண்டைப் பக்கம் திருப்பிக்கொள்ளும். இதில் தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அப்படியானால் அது ஊட்டக் கொண்டுபோகிற மீன்; இணைக்கோ குஞ்சுக்கோ.

பங்குனி 24, ஞாயிறு

இன்று காடு. பாலையும் வீரையும் அடர்ந்த பக்கம், பழைய வண்டித்தடத்தை விட்டு இறங்கவில்லை. மிதிவெடிப் பலகைகளைப் பார்த்து வளர்ந்த கால்கள், எவ்வளவு நல்ல பூவென்றாலும் இறங்காது.

தடத்தின் ஓரத்திலேயே காயா பூத்திருந்தது, என் அதிர்ஷ்டம். இலைக்காம்பின் அடியில், கிளையோடு ஒட்டி, நீலக் குஞ்சம் குஞ்சமாக. ஒரு பூ மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. திருமாலுக்குக் காயாம்பூ மேனி என்று பாடினவர்கள் நிறத்தை நன்றாகவே பார்த்திருக்கிறார்கள். என் கமெராதான் அதை ஊதாவாக்கிவிட்டது. நிழல் விழும்வரை காத்திருந்து மறுபடி எடுத்தேன். பரவாயில்லை.

வெள்ளை வால் நீண்ட அரசவால் ஈப்பிடிப்பான் ஒன்று குறுக்கே போனது. குளிர்காலத்துக்கு இந்தியாவிலிருந்து வருகிற இனம், இனித் திரும்பிவிடும். இங்கேயே இருக்கிற இனத்தில் ஆணும் செம்பழுப்புத்தான். படம் கிடைக்கவில்லை.

சித்திரை 6, சனி

மண்சுவர் இல்லை. உழவு இயந்திரத்தின் சக்கரத்தடம் மடுவரை இறங்கியிருந்தது. மணல் ஏற்றியவர்கள் கரையையும் சேர்த்து வெட்டியிருக்கிறார்கள். இரவில் வருகிறார்கள் என்றான் மச்சான்; யாரென்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஏழு மணியளவில் மீன்கொத்தி வந்தது. அதே மருதங்கிளை. மூன்று படம் எடுத்தேன். மீனின் தலை வெளியேதான் இருந்தது.