கரண்ட் இல்லாத காபித் தோட்டத்தில் ஒரு ஜெனரேட்டர்

அமெரிக்காவில் ஆர்.வி. என்கிற வீட்டு வண்டியை நிறுத்தும் இடங்கள் பலவற்றில் கரண்ட், தண்ணீர், கழிவுநீர்க் குழாய் மூன்றையும் வண்டியோடு இணைத்துக்கொள்ளலாம். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் நாங்கள் வேனை நிறுத்தும் காபித் தோட்டத்தில் மூன்றுமே கிடையாது. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் கொஞ்சம் சமமான இடம், தெரிந்தவர் தோட்டம் என்பதால் கிடைத்த அனுமதி, அவ்வளவுதான். வேன் கூரையில் சோலார் பேனல் இருக்கிறது. ஆனால் மர நிழலும் பனிமூட்டமும் சேர்ந்துகொண்டால் அதை நம்ப முடியாது.

என் மாமனாருக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடும். மூக்கில் மாட்டும் மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி, மூச்சுப்பாதை அடைபடாமல் பார்த்துக்கொள்ளும் சிபாப் மெஷின் ராத்திரி முழுக்க ஓடியாக வேண்டும். அதற்காக மாமாவை சேலத்திலேயே விட்டுவிட்டு மலையேற எங்களுக்கு மனசில்லை. வண்டி ஓட்டுவது வீட்டுக்காரர், கரண்ட் கணக்கு என் பொறுப்பு.

கணக்கு ரொம்பச் சுலபம். மெஷினில் இருக்கும் ஈரப்பதமூட்டியை அணைத்துவிட்டால் சிபாப் சுமார் 40 வாட்தான் இழுக்கும்; எட்டு மணி நேரத்துக்கு 320 வாட்-அவர். சின்ன ஃப்ரிட்ஜ், விளக்கு, போன் சார்ஜ் எல்லாம் சேர்த்தாலும் ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டை, அதாவது ஆயிரம் வாட்-அவரை, சுற்றித்தான் வரும். எங்களிடம் இருப்பது 12 வோல்ட், 200 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி; நிறைந்திருந்தால் இரண்டரை யூனிட் கொள்ளும். 60 ஆம்பியர் சார்ஜரை ஜெனரேட்டரில் மாட்டினால், ஒரு நாள் செலவான கரண்ட் ஒன்றரை மணி நேரத்தில் திரும்ப ஏறிவிடும். ராத்திரியில் ஜெனரேட்டருக்கு வேலையே இல்லை. பகலில் பேட்டரியை நிரப்புவதுதான் அதன் வேலை.

இதைப் புரிந்துகொள்ளாமல், மலைக்காற்று அடிக்கிற இடத்தில் வேனுக்குள் ஏசி போட்டு, விடிய விடிய ஜெனரேட்டர் ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. டிசம்பரில் இரண்டு போர்வை கேட்கிற ஊர் இது. பக்கத்திலேயே தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் இருக்கின்றன. அங்கிருந்து ஒரு அம்மா வந்து கேட்டார்.

“ஏங்க்கா, ராத்திரிக்கும் இந்த மிசினு ஓடுமா? பாப்பாவுக்குப் பரிச்சை நடக்குது.”

“இல்லம்மா, ஆறு மணிக்கெல்லாம் நிறுத்திருவேன்.”

அன்றிலிருந்து மாலை நாலரைக்குப் போட்டு ஆறுக்கு நிறுத்துவது என்று வைத்துக்கொண்டோம். அமெரிக்க தேசியப் பூங்காக்களில் 50 அடி தூரத்தில் 60 டெசிபலைத் தாண்டி ஜெனரேட்டர் ஓட்டக் கூடாது என்று விதியே உண்டு. நம் நாட்டிலும் குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு. சத்தத்துக்காகத்தான் இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டராக வாங்கினோம். லோடு குறைந்தால் அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சாதாரண ஜெனரேட்டர் ஒரு பல்புக்கும் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் கத்திக்கொண்டே இருக்கும்.

மலைக்கு வருகிறவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி குறையக் குறைய, ஒவ்வொரு 300 மீட்டருக்கும் பெட்ரோல் இன்ஜின் மூன்று மூன்றரை சதவீதம் பலம் இழக்கும். கீழே சேலம் அஸ்தம்பட்டியில் 1,800 வாட் கொடுக்கிற எங்கள் ஜெனரேட்டர் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தால் 1,500 சொச்சத்தோடு நின்றுவிடும். சார்ஜர் ஓடும்போது எலக்ட்ரிக் கெட்டிலையும் சேர்த்துப் போட்டால் ஓவர்லோடு சிவப்பு விளக்கு எரிந்து கரண்ட் நின்றுபோகும். அதனால் வெந்நீர், காபி எல்லாம் கேஸ் அடுப்பில்தான். மிக்ஸி மட்டும் ஜெனரேட்டரில். நாலரை மணிக்கு அதைப் போட்டதும் முதல் வேலையாகக் காலைச் சட்னியை அரைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன்.

புகை விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும். ஜெனரேட்டரை வேனிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி வைப்பேன். சைலென்சர் வாய் வேனுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும். காற்று வேன் பக்கமிருந்து ஜெனரேட்டரை நோக்கி வீசுகிறதா என்று ஊதுபத்தி கொளுத்திப் பார்த்துக்கொள்வேன். மழை வந்தால் நிறுத்திவிடுவேன். டென்ட்டுக்குள்ளோ வேனுக்கு அடியிலோ தள்ளிவிட்டு ஓட்டுவது கிடையாது. மாமா படுக்கிற இடத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டியிருக்கிறோம். பெட்ரோல் ஊற்றுவதும் இன்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான்.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் கடையில் சும்மா ஸ்டார்ட் செய்து காட்டுவதை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரு ஹீட்டரை மாட்டச் சொல்லி, பத்தடி தள்ளி நின்று கேளுங்கள். நீங்கள் வேனை நிறுத்தும் இடத்தில் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்கப்போவது அந்தச் சத்தம்தான்.