எர்ணாவூரிலிருந்து ஃப்ளாரன்ஸுக்கு

திருவொற்றியூரில் நான் ஓவியம் சொல்லிக்கொடுக்கும் பள்ளியிலிருந்து ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை இத்தாலிக்கு அழைத்துப் போனோம். செலவைப் பழைய மாணவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பாரிஸ், வெனிஸ், ரோம் என்று ஒரே ஓட்டமாகச் சுற்றிக் காட்டும் பேக்கேஜ்தான் முதலில் வந்தது. வேண்டவே வேண்டாம் என்று நின்றேன். பஸ்ஸிலிருந்து இறங்கி, செல்ஃபி எடுத்து, மறுபடி பஸ் ஏறினால் பிள்ளைகள் எதைப் பார்த்திருப்பார்கள்? ஒரே ஊர் போதும், அது ஃப்ளாரன்ஸாக இருக்கட்டும் என்று முடிவானது.

விசா கதையை நீட்டவில்லை. பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு அப்பா, அம்மா இருவர் கையெழுத்தும் வேண்டும். காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போய் நாள்கணக்கில் கடலில் தங்கிவிடும் ஒரு அப்பாவின் கையெழுத்துக்காக, அவர் கரை திரும்பும்வரை எல்லோரும் காத்திருந்தோம்.

கிளம்பும் முன்பே பிள்ளைகளை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பழக்கியிருந்தேன். திருவாலங்காட்டு நடராசர் முன்னால் தரையில் உட்கார்ந்து, ஒரு கையை மட்டும் ஒரு மணி நேரம் வரைய வேண்டும். அந்தப் பொறுமை ஃப்ளாரன்ஸில் கைகொடுத்தது. அகாதமியா கேலரியில் மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலை நிற்கிறது, அதன் உயரம் 5.17 மீட்டர். கூட்டமெல்லாம் அதைச் சுற்றித்தான். எங்கள் பிள்ளைகளோ, அதற்குப் போகும் வழியில் இரு பக்கமும் நிற்கும் ‘கைதிகள்’ முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். அவை மைக்கேலாஞ்சலோ முடிக்காமல் விட்ட சிலைகள். பாதி உடம்பு இன்னும் கல்லுக்குள் இருக்கிறது. பல் உளி இழுத்த கோடுகள் வரிவரியாக அப்படியே தெரிகின்றன. “மாமல்லபுரத்துல பாதியில விட்ட பாறை மாதிரியே கீது மிஸ்” என்றாள் ஒரு பெண். பளபளக்கும் தாவீதைவிட இதில்தான் கை எப்படி வேலை செய்தது என்று புரியும். அவள் அந்த உளிக் கோடுகளை மட்டுமே ஒரு பக்கம் முழுக்க வரைந்தாள்.

ஆனால் இந்தப் பயணத்தை எங்கள் பிள்ளைகளுடைய பயணமாக ஆக்கியது சாண்டா குரோச்சே தேவாலயம் இருக்கும் பகுதிதான். அங்கிருந்து சிறிது தூரத்தில் சான் ரெமிஜியோ என்றொரு சின்னத் தெரு. அதன் சுவரில் ஒரு பழைய கல்: செதுக்கிய அலைகள், அவற்றிலிருந்து எழும் ஒரு கை, நீர் ஏறிய அளவைக் காட்டும் சுட்டுவிரல். 1333 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு ஊருக்குள் புகுந்த உயரம் அது. அதற்கும் மேலே இன்னொரு பலகை. 1966, அதே நவம்பர் 4. அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்.

1966 வெள்ளத்தில் தண்ணீர் மட்டும் வரவில்லை. குளிர்காலத்துக்காகக் கட்டடங்களின் அடித்தளங்களில் சேர்த்து வைத்திருந்த எரிஎண்ணெயும் கலந்து வந்தது. சிற்பம், சுவரோவியம், புத்தகம் எல்லாவற்றிலும் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. இதை நான் சொல்லி முடிக்கவில்லை, எர்ணாவூர்ப் பையன் ஒருவன் குறுக்கிட்டான்: “எங்க வூட்டு செவுத்துலயும் இந்தக் கோடு கீது மிஸ். எவ்ளோ தேச்சும் போல.” 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கச்சா எண்ணெய் கலந்து பக்கிங்காம் கால்வாய்க் கரை வீடுகளுக்குள் வந்ததையும், எண்ணூர் முகத்துவாரத்தில் படகும் வலையும் கறுத்துப் போனதையும் அவன் சொல்லச் சொல்ல, எங்களோடு வந்த இத்தாலிய வழிகாட்டிக்கு நான் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்த அம்மா பேச்சை நிறுத்திவிட்டு அவனிடம் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்.

அதன் பிறகு சாண்டா குரோச்சே தேவாலயத்தில் சிமாபுவேயின் சிலுவை ஓவியத்தைப் பார்த்தபோது விளக்கமே தேவைப்படவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டு மரப்பலகை ஓவியம். வெள்ளத்தில் மரம் ஊறி உப்பி, வண்ணத்தில் பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டது. சீரமைத்தவர்கள் போன முகத்தைக் கற்பனையாக வரைந்து நிரப்பவில்லை. உதிர்ந்த இடங்களில் மெல்லிய வண்ணக் கோடுகளை நெருக்கமாக இழுத்து, இழப்பு இழப்பாகவே தெரியும்படி விட்டிருக்கிறார்கள். பாடப் புத்தகத்துச் சின்னப் படத்தில் அது வெறும் அழுக்காகத்தான் தெரியும். நேரில் நின்றால், ஓர் ஊர் தன் காயத்தை எப்படி மதித்திருக்கிறது என்று தெரிகிறது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

வசாரி 1546-இல் வரைந்த ‘கடைசி இராவுணவு’ம் அங்கேதான் இருக்கிறது. ஐந்து பலகைகள், பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தண்ணீருக்குள் கிடந்தவை. பல பத்தாண்டுகள் கிடங்கில் இருந்துவிட்டு 2016-இல்தான் சுவருக்குத் திரும்பின. இனி வெள்ளம் வந்தால் ஓவியத்தை அப்படியே மேலே தூக்கிவிடும் ஏற்பாடும் செய்திருக்கிறார்கள். காசிமேட்டுப் பையனுக்கு அதில்தான் ஆர்வம். “நம்ம போட்ல வல இழுக்குற வின்ச் மாதிரியா மிஸ்?” என்று கேட்டு, கயிறு எங்கே போகும், எடை எங்கே தொங்கும் என்று யோசித்து யோசித்துப் படம் போட்டான்.

போக நினைக்கும் பள்ளிகளுக்குச் சில விஷயங்கள். உஃபிஸி, அகாதமியா போன்ற அரசு அருங்காட்சியகங்களில் எந்த நாட்டுப் பிள்ளையானாலும் பதினெட்டுக்குள் நுழைவுக் கட்டணம் இல்லை, முன்பதிவுக் கட்டணம் மட்டும் உண்டு. சாண்டா குரோச்சேவுக்கு டிக்கெட் வாங்க வேண்டும். பேனா வேண்டாம், பென்சில் கொண்டு போங்கள். ஒரு நாளுக்கு ஓர் இடம் போதும், சாயங்காலம் ஆற்றங்கரையில் சும்மா விடுங்கள்.

எர்ணாவூர்ப் பையன் வீட்டுச் சுவர்க் கோட்டை இப்போது பிள்ளைகள் டேப் பிடித்து அளந்து வரைந்துகொண்டிருக்கிறார்கள். பக்கத்துத் தெருக்களும் பாக்கி இருக்கின்றன. அந்தப் படங்களையும் ஃப்ளாரன்ஸ் ஸ்கெட்ச் புத்தகங்களையும் நவம்பர் 4 அன்று பள்ளி வராந்தாவில் வைக்கிறோம். திருவொற்றியூர்ப் பக்கம் இருப்பவர்கள் அவசியம் வாருங்கள்.