40 கொண்டை ஊசி வளைவு ஏறி, 2 மில்லிமீட்டர் பூ

முதலில் ஜீப் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வால்பாறையில் ஜீப் ஏறுமுன் போக, வர, காத்திருக்க எவ்வளவு என்று தனித்தனியாகப் பேசிவிடுங்கள். நான் பேசவில்லை. 1,200 என்று ஏறினேன். காத்திருந்ததற்கு ஓட்டுநர் மேலும் 600 ரூபாய் கறந்துவிட்டார். எனக்கு அது இரண்டு நாள் சாப்பாடு.

ஆனால் ஜீப்பை நிறுத்தியதற்குக் காரணம், சாலையோரம் காற்றில் முறிந்து கிடந்த ஒரு கிளை. கையகலப் பட்டையில் இரண்டு வகை ஆர்க்கிட்! ஒன்று போர்பாக்ஸ்: சட்டைப் பொத்தான் போலத் தட்டையான பச்சைக் குமிழ்கள், மேலே வலைப்பின்னலாய்ச் சருகு. கோடைக்கான தண்ணீர் அந்தக் குமிழுக்குள்தான் இருக்கிறது. இன்னொன்று ஓபரோனியா. இலைகள் ஒன்றையொன்று கவ்வி, சடை பின்னியதுபோல் தட்டையாக அடுக்கியிருந்தன. நடுவிலிருந்து எலிவால் போல் ஒரு பூங்கதிர். வெறும் கண்ணுக்கு மஞ்சள் சொரசொரப்பு மட்டுமே தெரிந்தது. 150 ரூபாய் உருப்பெருக்கியை வைத்தேன். அடேயப்பா! ஒவ்வொரு புள்ளியும் முழுப் பூ. 2 மில்லிமீட்டர்கூட இருக்காது. அதற்குள் இதழ்கள், உதடு என்று சொல்லப்படும் தனி வடிவ இதழ், மகரந்தக் கட்டி எல்லாம் இருந்தன.

"மரத்தை உறிஞ்சுகிற புல்லுருவி சார் அது" என்றார் ஓட்டுநர். இல்லவே இல்லை. புல்லுருவி மரத்துக்குள் வேரை இறக்கித் திருடும். இது பட்டைமேல் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மழையும் பனியும் பட்டை இடுக்கில் மக்கிய சருகும் போதும். இரண்டு நாள் வெயிலில் வேர்கள் வெள்ளி நிறத்தில் வெளுத்திருந்தன. பாட்டில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். கண்ணெதிரே பச்சையாக மாறின! வேரைச் சுற்றி வெலாமன் என்ற உயிரற்ற செல்களின் உறை இருக்கிறது. அது பஞ்சு போல் நீரை வாங்கியதும், உள்ளே இருக்கும் பச்சையம் வெளியே தெரிகிறது. வேரும் ஒளிச்சேர்க்கை செய்கிறது என்று ஓட்டுநரிடம் சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

புல்லுருவி என்று நினைத்து இவற்றைச் சுரண்டி எறிவதுதான் எனக்குத் தாங்கவில்லை. விதை தூசியளவு, உள்ளே உணவுச் சேமிப்பு கிடையாது. உரிய பூஞ்சை வந்து சேர்ந்தால்தான் முளைக்கும். இந்தச் செடி தரையில் கிடந்தால் வேருக்குக் காற்றில்லாமல் அழுகிவிடும். அதனால் கிளையைத் தூக்கி, பக்கத்து மரத்தின் கவட்டில் ஆடாமல் செருகிவிட்டு வந்தேன்.