'யெஸ்' சொல்லி மாட்டிக்கொண்ட இடம்: ஆங்கில எதிர்மறைகள்

ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் என்னிடம், "ஹேவன்ட் யூ ஃபினிஷ்ட் யுவர் கோர்ஸ்?" என்று கேட்டார்கள். அப்போது நான் படிப்பை முடிக்கவில்லை. 'ஆமாம், முடிக்கவில்லை' என்று மனதுக்குள் ஓட, "யெஸ்" என்றேன். முடித்துவிட்டேன் என்று எடுத்துக்கொண்டு, எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று அடுத்த கேள்வி வந்தது. அதன்பிறகு எனக்குப் பேச்சே வரவில்லை.

தமிழில் 'ஆமாம்' என்றால் கேட்டவர் சொன்னது சரி என்று பொருள். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. விஷயம் நடந்திருந்தால் யெஸ், நடக்கவில்லை என்றால் நோ. கேள்வியில் 'நாட்' இருக்கிறதா என்று பார்க்கவே வேண்டாம். பதிலின் வாலை முதலில் யோசிக்கப் பழகினேன்: 'ஐ ஹேவன்ட்' என்று முடியப்போகிறதா, அப்படியானால் தொடக்கம் 'நோ'தான். இதைச் சில வாரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தபிறகே நாக்குக்குப் பழகியது. 'டூ யூ மைண்ட்?' என்று அனுமதி கேட்டாலும் இதே கணக்குதான். 'நோ' என்றால் ஆட்சேபம் இல்லை, தாராளமாகச் செய்யலாம்.

அப்புறம் 'ஹார்ட்லி'. 'ஹி ஹார்ட்லி வொர்க்ட்' என்பதை, கடினமாக உழைத்தார் என்றே நெடுநாள் படித்துவந்தேன். உண்மையில் அவர் வேலையே செய்யவில்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. ஸ்கேர்ஸ்லி (ஏறக்குறைய இல்லை), செல்டம் (அரிதாக) ஆகியவையும் 'நாட்' இல்லாமலே எதிர்மறை. அதனால் 'ஹி ஹார்ட்லி ஸ்பீக்ஸ்' என்பதற்குப் பின்னால், நம் 'அல்லவா?' போல ஒட்டிவரும் கேள்வி 'டஸ் ஹி?' தான், 'டஸன்ட் ஹி?' என்று எழுதினால் தவறு.

எதிர்ச்சொல் பகுதியில் முன்னொட்டை மட்டும் நம்ப வேண்டாம். 'ஃப்ளேமபிள்', 'இன்ஃப்ளேமபிள்' இரண்டும் எளிதில் தீப்பற்றும் என்பவையே; அந்த 'இன்', 'இல்லை' என்று சொல்ல வந்ததல்ல. எதிர்ச்சொல் 'நான்ஃப்ளேமபிள்'. 'இன்வேல்யுவபிள்' மதிப்பில்லாதது அல்ல, மதிப்பிட முடியாதது. நம் மொழியிலேயே மதிப்பற்றது வேறு, விலைமதிப்பற்றது வேறு அல்லவா? அதை நினைத்துக்கொண்டால் மறக்காது.

என்னை அதிகம் சுற்றவிட்டது 'மஸ்ட்'. 'மஸ்ட் நாட் கோ' என்றால் போகக் கூடாது. போகத் தேவையில்லை என்பதற்கு 'நீட் நாட் கோ'. தமிழின் 'போக வேண்டாம்' இரண்டுக்கும் பொருந்திவிடுவதால், மொழிபெயர்த்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. விதிமுறைகளைப் படித்து விடை எழுதும் கேள்விகளில் நான் மதிப்பெண் இழந்தது பெரும்பாலும் இங்கேதான்.