பிளேட்டோவின் அட்லாண்டிஸ் தலைநகர்: 1:10,000 அளவில் ஒரு மாதிரி

கடலில் மூழ்கிப்போனதாகச் சொல்லப்படும் தீவான அட்லாண்டிஸ் எங்கே இருந்தது என்று தேடியவர்கள் ஏராளம். அதன் கதையை எழுதிய கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோ அதை எப்படி அமைத்தார் என்பதை அளந்து பார்க்கவே நான் விரும்பினேன். கி.மு. 360-ஐ ஒட்டி அவர் எழுதிய ‘கிரிட்டியாஸ்’ உரையாடலில் தலைநகரின் அளவுகள் வரிசையாக வருகின்றன: நடுத்தீவின் குறுக்களவு 5 ஸ்டேடியன் (பழங்கிரேக்க நீள அலகு), அதைச் சுற்றி 1 ஸ்டேடியன் அகலத்தில் நீர், பிறகு ஒரு நில வளையமும் ஒரு நீர் வளையமும் இரண்டிரண்டு ஸ்டேடியன் அகலத்தில், அவற்றுக்கு வெளியே இன்னும் ஒவ்வொன்று மும்மூன்று ஸ்டேடியன் அகலத்தில். ஒரு ஸ்டேடியனை 185 மீட்டர் என்று கொண்டால், 27 ஸ்டேடியன் அகலமுள்ள அந்த வளைய நகரம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் ஆகிறது. என் மேசையில் அது அரை மீட்டர்.

கடலிலிருந்து வெளி வளையத்துக்கு வரும் கால்வாயின் நீளம் 50 ஸ்டேடியன், அதாவது மாதிரியில் 92.5 செ.மீ. என்பதால், ஐந்தடி நீளப் பிளைவுட்டை அடித்தளமாக்கினேன். கால்வாயின் ஆழம் 100 அடி. இந்த அளவில் அது 3 மி.மீ. சன்போர்டின் (மாதிரி செய்யப் பயன்படும் இலகுவான பலகை) தடிமனோடு சரியாகப் பொருந்தியது. வளையங்களின் ஆழத்தைப் பிளேட்டோ சொல்லவில்லை என்பதால் அங்கும் அதையே எடுத்துக்கொண்டு, நிலம் நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும்படி இன்னொரு அடுக்கை ஒட்டி, பள்ளங்களில் நீலம் கலந்த எபாக்சி ரெசினை ஊற்றினேன். நில வளையங்களைக் குடைந்து, ஒரே ஒரு போர்க்கப்பல் மட்டும் செல்லும் அகலத்தில் வழிவிட்டு, அதற்கு மேற்கூரையும் இட்டார்கள் என்கிறது உரையாடல். அந்த வழி என் மாதிரியில் கட்டர் பிளேடு ஒருமுறை இழுத்த கீறல் அளவே இருக்கிறது.

மதில்களில் நீண்ட நேரம் செலவிட்டேன். வெளி மதிலுக்கு வெண்கலம், அடுத்ததற்கு வெள்ளீயம், கோட்டை மதிலுக்கு நெருப்பாய் ஒளிரும் ஓரிகால்கம் என்ற உலோகம் பூசப்பட்டிருந்ததாகப் பிளேட்டோ சொல்கிறார். முதல் இரண்டுக்கும் செம்பு நாடாவையும் அலுமினியம் ஃபாயிலையும் பயன்படுத்தினேன். மூன்றாவதற்குப் பித்தளைத் தகட்டைத் தேர்ந்தேன். சிசிலியின் கெலா கடற்பகுதியில் மூழ்கிய பழங்காலக் கப்பலொன்றில் கிடைத்த, ஓரிகால்கம் என்று கருதப்படும் உலோகக் கட்டிகள் செம்பும் துத்தநாகமும் கலந்தவை.

கடல் தெய்வமான பொசைடனின் கோயில்தான் என்னை வியக்க வைத்தது. நீளம் 1 ஸ்டேடியன், அகலம் அதில் பாதி: மாதிரியில் 18.5 மி.மீ.க்கு 9 மி.மீ. நடுத்தீவின் குறுக்களவில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. ஒப்பிடுவதற்காக ஏதென்ஸின் புகழ்பெற்ற கோயிலான பார்த்தினனையும் அதே அளவில் செதுக்கி அருகே வைத்தேன். அது 7 மி.மீ. மட்டுமே.

அந்நகரின் கட்டடக் கற்கள் வெள்ளை, கருப்பு, சிவப்பு என்கிறார் பிளேட்டோ. கிரேக்கத்தின் சாண்டோரினி தீவின் பாறைகளிலும் இதே நிறங்கள் உண்டு. வெண்கலக் காலத்தில் அங்கு வெடித்த எரிமலையை இக்கதையின் மூலமாகக் கருதுவோரும் உண்டு. அக்கற்களை நானும் அந்நிறங்களிலேயே தீட்டினேன். ஆயினும், 1, 2, 2, 3, 3 என்று ஏறும் வளையங்களை வெட்டி அடுக்கிய பிறகு, இது நினைவிலிருந்து சொல்லப்பட்ட ஊர் என்று என்னால் நம்ப முடியவில்லை. காம்பஸும் அளவுகோலும் கொண்டு சிந்தித்த ஒருவரின் ஆக்கம் இது. அதனாலேயே எனக்கு இன்னும் பிடித்துப்போயிற்று.

நகரை அடுத்த சமவெளி 3,000-க்கு 2,000 ஸ்டேடியன். அதைச் சுற்றிய அகழி சரியாக 10,000 ஸ்டேடியன். மனிதர் வெட்டியதென நம்பவே முடியாத அளவு என்று உரையாடலில் கதையைச் சொல்லும் கிரிட்டியாஸே சொல்லிவிட்டு, கேட்டதைச் சொல்லத்தான் வேண்டும் என்று தொடர்கிறார். நகரின் மாதிரிக்குக் கொண்ட 1:10,000 அளவில் சமவெளிக்கு 55 மீட்டருக்கும் மேல் நீளமான இடம் வேண்டும். ஆகவே சமவெளியை 1:10,00,000 அளவில் தனிப் பலகையில் தொடங்கியிருக்கிறேன். அதில் வளைய நகரம் முழுவதும் 5 மி.மீ. புள்ளியாகிவிடும், ஒரு ஸ்டேடியன் அகல அகழியை மிக மெல்லிய பேனாவால் கோடாக வரையப்போகிறேன்.