மோர்ஸ் தெரியாதவன் ஹாம் இல்லையா?

நேற்றும் ஒரு பெரியவர் இதையே கேட்டார். ஹாம் என்றால் உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக வானொலியில் தொடர்புகொள்கிறவர். எழுத்துகளைப் புள்ளியும் கோடுமாக ஒலியில் சொல்லும் மோர்ஸ் எனக்கு உயிர், காலையில் காபி ஆறுவதுகூடத் தெரியாமல் அதை அனுப்பும் கீயைத் தட்டுகிறவன்தான், ஆனாலும் இந்தக் கேள்வி எரிச்சலாக இருக்கிறது.

கப்பல்கள் மோர்ஸில் பேசிய காலத்தில், ஆபத்து அழைப்பு காதில் விழுந்தால் ஹாமுக்குப் புரிய வேண்டும் என்று உரிமத்துக்கு மோர்ஸ் தேர்வு வைத்தார்கள், சரி. கப்பல்களே 1999-இல் அதைக் கைவிட்டன. 2003-இல் ஜெனீவாவில் நடந்த உலக வானொலி மாநாடு அந்தத் தேர்வை அந்தந்த நாட்டின் விருப்பத்துக்கு விட்டது, அமெரிக்கா 2007 பிப்ரவரியில் எடுத்தே விட்டது. அங்கே 2000 வரை உச்ச உரிமத்துக்கு நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் மோர்ஸ் தெரிய வேண்டும்! காது கொஞ்சம் மந்தமானவர் எங்கே போவார்?

டி, டிட் என்பது புள்ளி, டா என்பது கோடு. ஆங்கில எல் என்றால் டி-டா-டி-டிட், எஃப் என்றால் டி-டி-டா-டிட். கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றுக்கொன்று தலைகீழ். இந்த இரண்டையும் பிரித்துக் கேட்க எனக்கு ஒரு மாதம் ஆனது, வீட்டில் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். அந்தச் சுகம் தனி, ஆனால் அதை வாசலில் பூட்டாகத் தொங்கவிடுவானேன்?

தேர்வு போனால் மோர்ஸ் செத்துவிடும் என்றார்களே, இன்று ராத்திரி ஹாம்களின் 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் அடிப்பக்கம் திருப்பிக் கேளுங்கள். வெறும் 5 வாட்டில் கடல் தாண்டிக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.